சென்னியப்பன் வாங்கிய டியூனர் பெட்டி

காரவள்ளியில் கொல்லிமலை முடிகிறது. ஏறப் போகிறவர்களுக்கு அங்கேதான் தொடங்குகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றிச் சுற்றி இறங்கி வரும் வண்டிகள் ராசாயியின் டீக்கடை முன்னால் நின்று பெருமூச்சு விடும். டிரைவர்கள் டீ குடிப்பார்கள், பிரேக் ஆறும். கருகிய பிரேக் வாசனையும் வாழைக்காய் பஜ்ஜி வாசனையும் கலந்ததுதான் அந்த ஊர்க் காற்று. எல்லாம் ஆறுகிற அந்த இடத்தில் ஆறாத ஒன்று உண்டென்றால், அது ராசாயியின் வீட்டுக்காரர் சென்னியப்பனின் நாக்கு. பிக்கப் வண்டியைச் செய்தவர்கள் பிரேக் வைத்துத்தான் அனுப்பினார்கள். சென்னியப்பனைச் செய்தவர் மறந்துவிட்டார்.

அவர் புளுகுவார் என்பது ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். போன ஆடிக் காற்றில் தன் பிக்கப் மூன்றாவது வளைவிலிருந்து பறந்து முப்பதாவது வளைவில் போய் உட்கார்ந்தது என்று அவர் சொன்னபோது, கேட்டவர்கள் சிரித்துவிட்டு இன்னொரு டீ சொன்னார்கள். யாருக்கும் நஷ்டமில்லை, கடைக்கு லாபம்கூட.

அன்றைக்கு மட்டும் நஷ்டம் நேராக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

வந்தவர் நல்லம்மாள், சேலத்துப் பழமண்டிக்காரர். பலாப்பிசின் கறை போகாத விரல்கள், அதிகம் பேசாத வாய். மலைமேல் சோளக்காட்டிலிருந்து பலாப்பழம் இறக்க அந்தப் பருவம் முழுவதற்கும் ஒரே வண்டியாக அமர்த்தப் போகிறார் என்று நேற்றே பேச்சு அடிபட்டது. காரவள்ளியில் அதற்கு ஆசைப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் சென்னியப்பன். இன்னொருவன் அத்தப்பன், வயதில் சின்னவன், வாயில் சின்னவனல்ல. இரண்டு பேரும் சற்று முன்புதான் மலையிலிருந்து இறங்கி, வண்டிகளைப் புளியமர நிழலில் நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள்.

ராசாயி பஜ்ஜி மாவைக் கலக்கிக்கொண்டே மூலையில் நின்ற ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். போன கோடையில் அது செத்துப்போனது. இப்போது அது பிஸ்கட்டும் தீப்பெட்டியும் வைக்கிற அலமாரி. காலையில் வாங்கும் பால் மதியத்துக்குள் திரிந்துவிடும். திரிந்த பாலைக் கொட்டுகிற ஒவ்வொரு மதியமும் அவளுக்கு உள்ளே ஏதோ கொஞ்சம் கொட்டிப் போனது. புது ஃப்ரிட்ஜுக்கென்று அவள் சேர்த்து வைத்ததை எடுத்துக்கொண்டுதான் சித்திரையில் சென்னியப்பன் கோயமுத்தூர் போனார். ஃப்ரிட்ஜோடு வருவார் என்று வாசலைக் கூட்டி வைத்திருந்தாள். ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து இறங்கினார். பைக்குள் சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, அதிலிருந்து தொங்கும் ஒயர்கள், இலவசமாக ஒரு சாவிக்கொத்து.

"இத மாட்டுனா பெரிய லோடு எல்லாம் நம்மளத் தேடி வரும் புள்ள. பலாப்பழ சீசன் முடியட்டும், ரெண்டு ஃப்ரிட்ஜு வாங்கலாம்" என்றார்.

அந்தப் பலாப்பழ சீசன்தான் இப்போது பெஞ்சில் உட்கார்ந்து டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தது. ஐயா, இன்றைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்று ராசாயி மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். வேண்டி முடிப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"அம்மிணி, நம்ம வண்டியப் பாத்தீங்களா? வெளிய பாத்தா சாதா பிக்கப்பு. உள்ள இருக்கறது வேற."

"உள்ள என்னங்ணா, எலியா?" என்றான் அத்தப்பன்.

"சிரிப்பா, சிரி. டியூனர் மாட்டியிருக்கறேன், டியூனர். இன்ஜினுக்கு ஒரு மூளை இருக்குதுங்க அம்மிணி. எப்ப எத்தன டீசலு பீச்சோணும்னு அதுதான் சொல்லும். நம்ம பொட்டி நடுவுல உக்காந்து அந்த மூளை காதுல ஓதும். இன்னும் ஊத்து, இன்னும் ஊத்துன்னு. ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் திருகு இருக்குது. திருகத் திருகச் சக்தி."

"எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார் நல்லம்மாள்.

கேட்டிருக்க வேண்டாம்.

"கோயமுத்தூருங்க. கடைக்காரர் மூணு தினுசு காட்டுனாரு. மொதத் தினுசு, செல்போன்லயே தட்டி வேகத்தக் கூட்டறது. அது வேண்டாமுங்கன்னுட்டேன். ஊட்டுக்காரி போன் பண்ணுற நேரத்துல வண்டி எங்க பறக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"நான் போன் பண்ணுனா வண்டி நிக்குமே தவிரப் பறக்காது" என்றாள் ராசாயி.

"ரெண்டாவது தினுசு, மூளைய அழிச்சுட்டுப் புதுசா எழுதறது. ஒரு நாள் வண்டிய அங்கயே உட்டுட்டுப் போகோணும்னாங்க. மூளைய அழிச்சுப்போட்டா வண்டி என்னைய மறந்துராதுங்களா? இத்தன வருசப் பழக்கம். அதுவும் வேண்டாம்னுட்டேன். மூணாவது தினுசு வெளிய இல்லைங்க. உள்ரூம்புல வெச்சு, கோயில் யானையக் கட்டற சங்கிலில கட்டியிருந்தாங்க. நாங் கிட்டப் போனதும் உறுமுச்சு. கடைக்காரர் என்னைய மேலயிருந்து கீழ வரைக்கும் பாத்தாரு. 'உங்குளுக்கு எந்த மலைங்க?'ன்னாரு. 'கொல்லிமலை'ன்னேன். அப்பிடியே எந்திரிச்சு நின்னு செருப்பக் கழட்டிட்டாரு."

"செருப்பக் கழட்டுனது கும்படறதுக்குங்களா, அடிக்கறதுக்குங்களா?"

கடை சிரித்தது. சென்னியப்பனும் கூடச் சிரித்தார். அத்தப்பனை அவருக்குப் பிடிக்கும். குறுக்கே பேச ஆளில்லாவிட்டால் அவருக்குக் கதை வேகம் பிடிக்காது.

"கும்படறதுக்குத்தான். என் நெஞ்சுல கை வெச்சுத் துடிப்புப் பாத்தாரு. 'இத்தன நாளு இதுக்கேத்த ஆளில்லாமத்தான் பூட்டி வெச்சிருந்தேன், கூட்டிட்டுப் போங்க'ன்னு கண்ணத் தொடைச்சுக்கிட்டாரு. பொண்ணக் கட்டிக் குடுத்து அனுப்பறாப்புல. கொண்டாந்து மாட்டுனேன். ஒண்ணுல வெச்சேன். சாவிதான் போட்டேன், இன்னும் திருகவே இல்ல. அதுக்குள்ள அத்தப்பன் வண்டி பயத்துல தானா ஸ்டார்ட் ஆகிப் பின்னால நகர்ந்துருச்சு."

"என் வண்டியா? அன்னிக்கு என் வண்டி ராசிபுரத்துல ஒர்க்‌ஷாப்ல கெடந்துச்சே."

"அங்கதான் நகர்ந்துச்சு. மெக்கானிக்கக் கேட்டுப்பாரு."

நல்லம்மாளின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அது சென்னியப்பனுக்குப் பிடிக்கவில்லை. சிரிக்காத ஒரு முகத்தை அவர் அப்படியே விட்டுவிட்டுப் போகிறவரல்ல.

"அடுத்த நாளு ரெண்டுல வெச்சு மலையேறுனேன் பாருங்க. வளைவுல ஒரு பிக்கப்பு முன்னால போகுது. ஆரன் அடிக்கறேன், வழியே உடல. எந்த ஊர்க்காரண்டா இவன்னு நம்பரப் பாத்தா, நம்ம வண்டி நம்பரு! வளைவு சின்னது, நம்ம வேகம் பெருசு. என் முதுகுப் பக்கத்த நானே எட்டிப் புடிச்சுட்டேன். தார்ப்பாய்க் கவுறு அவுந்து தொங்கிட்டிருந்துச்சு. கைய நீட்டி அதக் கட்டிட்டுத்தான் வந்தேன்."

"ஆரன் அடிச்சீங்களே, அந்தச் சத்தம்?" என்றான் அத்தப்பன்.

"அது நான் மேல போயி டீ குடிச்சு முடிச்ச பொறவு வந்து சேந்துச்சு. பாவம், மூச்சு வாங்கிக்கிட்டு."

"மைலேஜ் எப்பிடிங்க?" என்றார் நல்லம்மாள்.

அது வியாபாரக் கேள்வி. அதற்கு வியாபாரப் பதில் சொல்லியிருக்கலாம்.

"மைலேஜா? மூணுல வெச்சா வண்டி டீசலு குடிக்கறதில்லீங்க அம்மிணி, சொரக்குது. முள்ளு மேல போயி, அதுக்கு மேல போயி, மீட்டர உட்டு வெளிய நீட்டிக்கிட்டு நின்னுச்சு. ஓட்டறப்ப கையில குத்துது. பங்க்குல போயி ரெண்டு கேன் கறந்து குடுத்துட்டு வந்தேன்."

"சாணி போடுதுங்களா?" என்றான் அத்தப்பன். "எங்க ஊட்டு அடுப்புக்கு வறட்டி வேணும்." சொல்லிக்கொண்டே எழுந்து, "அக்கா, ஒரு பிஸ்கட்டு எடுத்துக்கறேன்" என்று ஃப்ரிட்ஜ் கதவுக்குக் கையை நீட்டினான்.

ராசாயி மாவுக் கையோடு பாய்ந்து வந்து கதவில் முதுகைச் சாய்த்தாள்.

"உக்காரு தம்பி, நான் எடுத்துத் தர்றேன். இந்தா, சூடா பஜ்ஜி தின்னு. பிஸ்கட்டு எதுக்கு?"

அத்தப்பன் ஒரு மாதிரி பார்த்துவிட்டு உட்கார்ந்தான். ராசாயியின் முதுகுக்குப் பின்னால், இரண்டு பிஸ்கட் டப்பாக்களுக்கு நடுவே, சென்னியப்பனின் கட்டம்போட்ட கைக்குட்டையில் சுற்றி, அந்த டியூனர் பெட்டி இருந்தது. வாங்கி வந்த மறுநாளிலிருந்து அது அங்கேதான் தூங்குகிறது. இந்த உலகத்தில் அது புருஷன் பொண்டாட்டி இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். அந்த இருவரில் ஒருவர் இப்போது அதை முற்றிலும் மறந்துவிட்டு நாலாம் நம்பருக்குத் திருகிக்கொண்டிருந்தார்.

"நாலுல வெச்ச அன்னிக்கு மலையே என்னையத் திட்டுச்சுங்க. வேகத்துக்கு வளைவு தாங்கல. எழுபதும் படபடன்னு நிமுந்து, ரோடு கோடு போட்டாப்புல நேராயிருச்சு. அப்புறமேட்டு ரோட்டு வேலைக்காரங்க கடப்பாரையக் கொண்டாந்து ஒவ்வொண்ணா வளைச்சு வெச்சுட்டுப் போனாங்க. அவசரத்துல ஒண்ண மட்டும் வலப்பக்கத்துக்குப் பதிலா இடப்பக்கம் வளைச்சுப்புட்டாங்க. இன்னிக்கும் பஸ்காரங்க அங்க வந்தா ஒரு நிமிசம் தெகைச்சு நிப்பாங்க, பாருங்க."

நல்லம்மாள் டீ கிளாஸோடு எழுந்து வெளியே போனார். கேட்கிறவர் நகர்ந்தால் சென்னியப்பனுக்குக் குரல் தானாக உயரும். உயர்ந்தது. ஆனால் ராசாயியின் காது அதில் இல்லை. கண் வெளியே இருந்தது.

புளியமரத்தடியில் நல்லம்மாள் குனிந்து, அத்தப்பன் வண்டியின் சக்கரத்து நடுவில் கையை வைத்தார். கை சுட, வெடுக்கென்று எடுத்து விரலை ஊதிக்கொண்டார். பிறகு சென்னியப்பன் வண்டிக்குப் போனார். அங்கே வைத்த கை அங்கேயே இருந்தது. மலையடிவாரத்தில் வியாபாரம் செய்கிறவர்கள் டிரைவரின் பேச்சைக் கேட்பதில்லை. இறங்கி நின்ற வண்டியின் சக்கரத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். கியரைக் குறைத்து, இன்ஜின் இழுப்பிலேயே வண்டியைப் பிடித்து மெல்ல மெல்ல இறக்குகிறவனின் சக்கரம் சுடாது. வேகமாக விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதிக்கிறவனின் சக்கரம் கொதிக்கும்.

நல்லம்மாள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார். சென்னியப்பன் சக்கர விஷயம் எதையும் கவனிக்கவில்லை. ஐந்தாம் நம்பரில் இருந்தார்.

"அஞ்சு ஒரே தடவதாங்க வெச்சேன். இனிமேல் வெக்க மாட்டேன், சத்தியம். சோளக்காட்டுல பலாப்பழம் ஏத்துனேன். முத்திப் பழுத்து ஈ மொய்க்குது. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள காரவள்ளி. தார்ப்பாயத் தூக்கிப் பாத்தா அத்தனையும் பிஞ்சு! வேகத்துல நேரமே பின்னால போயிருச்சு. இன்னும் ரெண்டு வளைவு இருந்திருந்தா பூவாயிருக்கும். சரி, ஒரு டீ குடிக்கலாம்னு கடைக்குள்ள வந்தா, இதே பெஞ்சுல நான் உக்காந்து டீ குடிச்சிட்டிருக்கறேன். இன்னும் மலைக்குக் கெளம்பவே இல்ல! 'ஏப்பா சென்னியப்பா, நேரமாச்சு, கெளம்பு'ன்னு நானே என்னையத் தட்டி எழுப்பி அனுப்பி வெச்சேன்."

"ரெண்டு பேருக்கும் நான் டீ குடுத்தனுங்களா?" என்று கேட்டாள் ராசாயி. கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். அவளையும் மீறி வந்துவிட்டது.

"குடுத்த. ஆனா ஒருத்தனுக்குத்தான் சக்கரை போட்ட."

கடையே குலுங்கியது. அத்தப்பன் பஜ்ஜி புரையேறித் தலையில் தட்டிக்கொண்டான். நல்லம்மாள் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். மலையேறுறப்ப வண்டில என்ன இருக்கும்?"

"ஏறுறப்பவா? என்ன இருக்கும், காலிதான்."

"பழம் எங்க ஏத்துவோம்?"

"சோளக்காட்டுல."

"அப்புறம்?"

"அப்புறம் எறங்கோணும்."

"காலி வண்டிய ஏத்தறதுக்காங்ணா இந்தப் பொட்டி வாங்குனீங்க? என் பழம் எறங்கறது."

சென்னியப்பன் ஒன்றிலிருந்து ஐந்து வரை விரல்விட்டு எண்ணினார்.

"அதுவுமில்லாம, எனக்குப் பழமாத்தான் வேணும். பிஞ்சு வேண்டாம்" என்றார் நல்லம்மாள்.

அத்தப்பன் அந்த இடைவெளியில் நுழைந்தான். "அப்பிடிச் சொல்லுங்கக்கா! என் வண்டில பொட்டியுமில்ல, சட்டியுமில்ல. ஆனா எறக்கத்துல என்னையப் புடிக்க இந்த மலையில ஆளில்ல. மேல பீடி பத்த வெச்சா, அது அணையறதுக்குள்ள கீழ நிப்பேன்."

நல்லம்மாள் சிவந்திருந்த தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டார். பிறகு சேலத்துக்குப் போகிற பஸ் எப்போது என்று கேட்டார்.

ராசாயிக்குப் புரிந்தது. அவர் இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் போகப் போகிறார். கொதிக்கிற சக்கரத்தை நம்ப முடியாது. இப்படிப் பறக்கிற வாயை நம்பிப் பழத்தை ஏற்றவும் முடியாது. இன்னொரு கோடை பால் திரியும். அவள் ஒரு கதவைத் திறந்தால் போதும். ஆனால் அந்தக் கதவைத் திறந்தால் சென்னியப்பன் கட்டிய கதையெல்லாம் சரியும், அதுவும் ஊர் பார்க்க. அவர் சொன்ன பொய்களில்தான் அவளுடைய வாழ்க்கையில் வேகமாக ஏதாவது நடந்திருக்கிறது. ஒரு தடவை அவளும் அவரும் மேகத்தின் மேல் டயர் பஞ்சராகி நின்றிருக்கிறார்கள். அவள்தான் ஜாக்கி பிடித்தாளாம். அப்படி ஒரு இடத்துக்கு வேறு யார் அவளைக் கூட்டிப்போனார்கள்?

கையை முந்தானையில் துடைத்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்தாள். கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்து நல்லம்மாள் முன்னால் பஜ்ஜித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பிரித்தாள்.

"பொட்டி வண்டில இல்லீங்க. வாங்குன மறுநாளே இங்க வந்துருச்சு."

சென்னியப்பன் கூரையைப் பார்த்தார்.

"மாட்டுன அன்னிக்கு நானும் வண்டில உக்காந்திருந்தனுங்க. ஒண்ணுலதான் வெச்சாரு. கரும்புகை வந்துச்சு, வண்டி ஒரு எம்பு எம்புச்சு. மூணாவது வளைவு வரைக்கும்கூடப் போகல. ஓரங்கட்டி நிறுத்திட்டு, ஒயரப் புடுங்கிட்டாரு. 'வேண்டாம் புள்ள, நீ உக்காந்திருக்கற'ன்னாரு. அப்புறம் அத யாருகிட்டச் சொல்றது? இவரு எறங்கறதப் பாத்திருக்கறீங்களா? மேல ரெண்டாவது கியரப் போட்டா காரவள்ளி வந்துதான் கைய எடுப்பாரு. ஆடு ஓட்டிட்டுப் போறவங்க கையாட்டிட்டு முந்திப் போவாங்க. இந்த மலையில இவரு மாதிரி பயந்த டிரைவர் கெடையாதுங்க."

நல்லம்மாள் பெட்டியைத் தொடவில்லை. முதல் தடவையாகச் சிரித்தார்.

"அதானே பாத்தேன். சக்கரம் ஜில்லுனு இருக்குது, பேச்சு இப்பிடிக் கொதிக்குது. ரெண்டும் எப்பிடி ஒரே ஆளோடதா இருக்கும்னு மண்டையக் கொடஞ்சுட்டு இருந்தேன்." அத்தப்பன் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்க சக்கரத்துல மாவ ஊத்துனா பஜ்ஜி வெந்துரும். பாத்து எறங்குங்க." பிறகு எழுந்து, "அண்ணா, வியாழக்கெழம விடியால சோளக்காட்டுல வண்டியோட நில்லுங்க. மழை புடிக்கற வரைக்கும் தெனமும் ஓட்டம். பயந்தே வாங்க. அதுதான் எனக்கு வேணும்" என்றார். பஸ் வந்தது. போய்விட்டார்.

கிடைத்துவிட்டது. ஆனால் சென்னியப்பன் பெட்டியைக் கைக்குட்டையில் மறுபடி சுற்றி, முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசாமல் இருந்தால் அந்த இடம் எத்தனை பெரிதாகிவிடுகிறது என்று ராசாயிக்கு அப்போதுதான் தெரிந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துப் பார்த்தாள். நெஞ்சில் அந்த நினைப்பு நிற்கவில்லை. ஒரு டீ போட்டு, சர்க்கரையைத் தாராளமாகக் கொட்டிக் கலக்கி, அவர் முன்னால் வைத்தாள்.

அவர் ஒரு வாய் குடித்தார். மலையைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"அந்த அம்மிணி நல்ல அம்மிணிதான்" என்றார் மெதுவாக. "ஆனா சக்கரம் எதுக்கு ஜில்லுனு இருக்குதுங்கற வெவரம் தெரியல, பாரு."

அத்தப்பன் தலையைத் தூக்கினான். லோடு போன வருத்தத்திலும் அவனால் அதை விட முடியவில்லை. "எதுக்குங்ணா?"

"பொட்டியக் கழட்டுனா என்ன, அது ஓதுனது மூளைல அப்பிடியே நின்னுருச்சப்பா. இப்ப பிரேக் புடிச்சா சூடு வர்றதில்ல, குளுரு வருது! போன வாரம் எறங்கி வந்து பாத்தா நாலு சக்கரத்துலயும் ஐஸ்கட்டி. சுத்தியல்ல தட்டித் தட்டி எடுத்தேன். பின்சக்கரத்துல ஒரு தவளை வெறைச்சுப்போயி, வாயத் தொறந்தபடியே உக்காந்திருக்குது. வெயில்ல வெச்சப்புறந்தான் பாக்கிச் சத்தத்தக் கத்தி முடிச்சுட்டுப் போச்சு."

ராசாயிக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. அதை முகத்தில் காட்டாமல் வாசலுக்குப் போனாள். பால்காரர் அப்போதுதான் வைத்துவிட்டுப் போன பாக்கெட்டுகளை வாரிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக அவர் மடியில் அடுக்கினாள்.

"அப்பிடீங்களா? சாயங்காலப் பாலு வந்திருக்குது. போயி சக்கரத்துல வெச்சுட்டு வாங்க."